மேலகரத்து ஷெட்டில் நாலு லைட்

எல்லார் வீட்டு ஃபேன் றெக்கையின் மேல்பக்கத் தூசியையும் பார்த்த ஒரே ஆள் அந்த ஊர் வயர்மேன்தான். தென்காசியில் எங்கள் பக்கத்துக்கு அந்த ஆள் நான். ஏணியைப் பிடிக்கவும், போனை வைத்துச் செய்கிற வேலைகளைப் பார்க்கவும் கூடவே என் மனைவி கலா வருவாள். சுவரைத் துளைப்பது என் பொறுப்பு. மூளை சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் பொறுப்பு.

வண்டி வீட்டுக்கு வந்ததும் கார் ஷெட்டில் கூடுதல் லைட்டுகள் தானாக எரிகிற மாதிரி செய்து கொடுப்பதுதான் இப்போது எங்களுக்கு அதிகமாக வருகிற வேலை. நீங்களும் சாரல் நாளில் காரை உள்ளே விட்டுவிட்டு, ஒரு கையில் காய்கறிப் பை, மறுகையில் குடை, வாயில் சாவி என்று இருட்டில் சுவிட்சைத் தடவி, எதையோ மிதித்து, "ஐயோ அம்மா" என்று அலறியிருப்பீர்கள். உங்களை மாதிரி அவஸ்தைப்பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எத்தனையோ வீட்டில் மாட்டிவிட்டேன். இருந்தாலும் யாரும் தொடாமல் லைட் எரிகிறபோது இன்னமும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். கலா சிரிப்பாள்.

முதல் கும்பிடு

மேலகரம் சங்கரபாண்டியன் அண்ணாச்சி போலீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு, அதுவும் உள்மூலையில். போன குற்றால சீசனில் காரைவிட்டு இறங்கியவரின் காலடியில் ஒரு பாம்பு நெளிந்து போயிருக்கிறது. மறுநாள் காலையிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார். நாலு மூலைக்கும் நாலு லைட் போட்டு, அசைவு தெரிந்தால் எரிகிற சென்சாரையும் மாட்டினேன்.

சாயங்காலம் வெள்ளோட்டம். அண்ணாச்சி காரை வெளியே கொண்டுபோய்த் திருப்பி உள்ளே விட்டார். நாலு லைட்டும் சேர்ந்து எரிந்ததில் ஷெட் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் "அம்மாடியோவ்" என்றார்கள். அண்ணாச்சியின் சம்சாரம் கோமதி மதினியோ, பொழுதடையும் நேரத்தில் வீட்டில் முதல் லைட்டைப் போட்டதும் கும்பிடுவார்களே, அப்படி இரண்டு கையையும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். காரை விட்டு இறங்கிய அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார்.

"பல்பைப் போயி கும்பிடுதா பாரு! என்னளா, சாமி எறங்கி வந்துட்டா?"

வால் உள்ள விருந்தாளிகள்

குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து மேலகரம் வரைக்கும் அவற்றுக்கு ஒரே வீடுதான். பொழுது சாயும்போது ஒன்று ஷெட்டுக்குள் குதித்திருக்கிறது, லைட் எரிந்திருக்கிறது. அது பிடித்துப்போய்விட்டது. ஒன்று உள்ளே வந்து எரிய வைக்கும், மற்றதெல்லாம் காம்பவுண்டு சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். அணைந்ததும் அடுத்தது இறங்கும். நானே நேரில் பார்த்து வாயைப் பிளந்தேன்.

மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு ஒரே மகள் பேச்சி. வடக்கே எல்லையில் காவல் வேலையில் இருக்கிறாள். லீவு கிடைத்தால் யாருக்கும் சொல்லாமல் திடுதிப்பென்று வாசலில் வந்து நிற்பது அவள் வழக்கம். அதனால் ஷெட்டில் லைட் எரிந்தால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மதினி வாசலுக்கு ஓடுவார். அங்கே ஒரு கடுவன் குரங்கு உட்கார்ந்து பல்லைக் காட்டும்.

"தம்பி, எம்மவ வந்தா மட்டும் எரியுத மாதிரி ஒண்ணு இருந்தா மாட்டிக்குடு. இந்த மூஞ்சியளுக்கெல்லாம் என்னால ஓட முடியாது."

செங்கோட்டை டீக்கடை

அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. போனில் உள்ள மேப்பில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். நாம் சேர்த்து வைத்திருக்கிற போன் அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் வீட்டில் லைட் எரியும். குரங்கிடம் போன் கிடையாது. அருவிக்கரையில் யாரிடமாவது பிடுங்கினால்தான் உண்டு.

இதை முதலில் மாட்டியது செங்கோட்டையில் ஒரு மரக்கடை முதலாளி வீட்டில். அன்றைக்குக் கலா வரவில்லை, வட்டத்தை நானே போட்டேன், முக்கு டீக்கடையும் உள்ளே வருகிற மாதிரி கொஞ்சம் பெரிசாகப் போட்டுவிட்டேன். முதலாளிக்குச் சுகர் உண்டு. கொல்லம் போய்விட்டுத் திரும்பியவர், நேரே வீட்டுக்குப் போகாமல் அந்த டீக்கடையில் சாவகாசமாக உட்கார்ந்து பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியைத் தின்றிருக்கிறார். வீட்டம்மா எட்டிப் பார்த்தால் ஷெட்டில் லைட் எரிகிறது, காரைக் காணோம். உடனே போன் போட்டு, "புனலூர்ல இருக்கேன்னு பொய் சொல்லாதிய, கையில இருக்கத கீழ வைங்க" என்றிருக்கிறார். அடுத்த போன் எனக்கு வந்தது.

"எடோ, நான் எனக்குத்தானே லைட் கேட்டேன்? நீ என் சம்சாரத்துக்கு ஊர் பூராக் கண்ணு வச்சுக் குடுத்துட்டியே!"

மதினி கேட்ட வட்டம்

இந்தக் கதையை மேலகரத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். மதினி சிரிக்காமல், "அப்ப ஸ்டேஷன் வரைக்கும் வட்டம் போடலாமோ?" என்று கேட்டார். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி வட்டம் போடலாம் என்றாள் கலா. பழைய சென்சாரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, போன் சொன்னால் எரிய வைக்கிற புது சுவிட்சை மாட்டினேன். அண்ணாச்சி போனுக்கு வாசல் அளவில் ஒரு சின்ன வட்டம். பேச்சி போனுக்குத் தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும். அவள் ரயிலை விட்டு இறங்கியதும் இங்கே தெரிந்துவிட வேண்டும், வீட்டுக்கு வருவதற்குள் தோசைக்கல் காய்ந்திருக்க வேண்டும். மதினியின் கணக்கு அதுதான்.

சிக்னல் கிடைத்துப் பேச்சி கூப்பிட்ட ஒருநாள், கலா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து அவள் போனையும் இதில் சேர்த்தாள். வட்டம் எவ்வளவு பெரிசு என்பதை மட்டும் அவளிடம் சொல்லக் கூடாதென்று மதினி கையைக் காட்டிவிட்டார். பிறகு கலா விரலால் இழுக்க இழுக்க வட்டம் பெரிசாகி, கோயில் கோபுரத்தைத் தாண்டி, தண்டவாளத்தைத் தொட்டது. மகள் வந்து இறங்கப்போகிற இடத்தை ஒரு தாய் விரல் வைத்துக் காட்டுகிறார்.

"இன்னும் கொஞ்சம் இழு கலா. கடைசிப் பெட்டி நிக்குத எடத்தையும் உள்ள விடு."

கரன்ட் வந்தால்

அதற்குப் பிறகு பேச்சியிடமிருந்து போன் வரவில்லை. வேற இடத்துக்கு மாத்திட்டாங்க, மலை உச்சி, அங்கன சிக்னல் கிடையாது என்று ஒரு தகவல் மட்டும் வந்தது. டிவியில் எல்லை என்ற வார்த்தை வந்தாலே மதினி அணைத்துவிடுவார். சீசன் காற்றில் கரன்ட் போய்ப் போய் வந்தது. அந்தச் சனியன் பிடித்த புது சுவிட்ச், கரன்ட் திரும்பியதும் தானாக லைட்டை எரிய விடும். எனக்கே அது தெரியாது. மகள் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள் என்று மதினி அடுப்பைப் பற்றவைத்து, தோசை ஊற்றி மூடிவைத்துவிட்டு வாசலில் நிற்பார். தோசை ஆறி வரட்டியாகும். மறுபடி கரன்ட் போகும், மறுபடி வரும்.

விஷயம் தெரிந்ததும் கலா அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டாள். ஆனால் அண்ணாச்சிக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. எத்தனையோ கலவரத்தில் லத்தியோடு நின்ற மனுஷருக்குப் போனில் குரல் தழுதழுத்தது.

"வந்து கழட்டிரு மாரி. லைட் எரியும்போது கோமதி மொகத்தப் பாத்துட்டு, பொறவு அணையும்போதும் பாக்க என்னால முடியல."

கழற்றப் போன சாயங்காலம்

போனோம். லேசான சாரல். மதினி சமையலறை வாசலில் நின்று எங்களையே பார்த்தார். மெயினை அணைப்பதற்கு முன்னால் ஸ்குரூ எந்த அளவு என்று பார்க்கலாம் என ஏணியில் ஏறினேன். அண்ணாச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

என் மூஞ்சிக்கு நேரே லைட் எரிந்தது. நாலும் எரிந்தது. விழப் பார்த்தேன். "பாத்தியா, மறுபடியும்" என்றார் அண்ணாச்சி. கரன்ட் போகவில்லை. சென்சார் என்றைக்கோ என் பைக்குப் போய்விட்டது. அண்ணாச்சியின் போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. கலா தன் போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பேச்சி போன்" என்றாள். "வட்டத்துக்குள்ள வந்துட்டு."

"அதுவும் பொய்யாத்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. ஏணியை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தார். மதினி உள்ளே போனார். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

நான் இறங்கவே இல்லை. இறங்கினால் லைட் அணைந்துவிடுமோ என்று ஒரு கிறுக்குப் பயம். தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பியது, அது எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பின்னால் இன்னொரு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. கறுத்து மெலிந்துபோய், முதுகில் பெரிய பையோடு பேச்சி இறங்கினாள். எரிகிற நாலு லைட்டையும், ஏணி மேல் நிற்கிற என்னையும் பார்த்து, "ஏம்மா, நான் யாருட்டயும் சொல்லலியே! ஸ்டேஷன்லயே கண்டுபிடிச்சிட்டியளா?" என்று கத்தினாள்.

அண்ணாச்சி அவளிடம் ஓடவில்லை. ஏணியை விட்டுவிட்டு, அந்த லைட்டைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கன்னத்தில் கண்ணீர் ஒழுகியது, துடைக்கக்கூட இல்லை. ஏணியில் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்து அடங்கவே நேரமாகிவிட்டது. மதினி தோசைக்கரண்டியோடு வெளியே வந்து, மகளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருதரம் பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

"பல்பையா கும்பிடுதிய? என்ன, சாமி எறங்கி வந்துட்டா?"

அந்த நாலு லைட்டைக் கழற்றுகிற வேலை இன்றைய தேதி வரைக்கும் என்னிடம் பாக்கிதான். கூப்பிட்ட வேலையைச் செய்யாமல், வயிறு முட்டத் தோசை தின்றுவிட்டு வந்த வயர்மேன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.