சமபந்தியில் ஒரு காலி இலை

இன்று எங்கள் ஊர்க் கோயிலில் சமபந்தி விருந்து. எல்லா சாதியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆனால் மேலத்தெரு ஒரு வரிசை, எங்கள் காலனி ஒரு வரிசை.

ஒருமுறையாவது மேலத்தெரு வரிசையில் உட்கார வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர். உட்காராமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் களையெடுக்கப் போகும் நிலத்துக்காரம்மா பக்கத்தில் ஒரு இலை காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடி, இங்க வந்து குந்திக்கினே? உன் வூட்டுக்காரன் இருந்தா வுட்டிருப்பானா?"

"அவரு இருந்தா உங்க வூட்டுக்காரரு பக்கத்துல குந்தியிருப்பாரும்மா."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்பா, இவளுக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊத்து" என்றார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து படம் எடுக்க வந்தவர், பந்தி முழுக்கச் சுற்றிவிட்டு எங்களைத்தான் எடுத்தார்.

எங்கள் ஊர் சமபந்தியில் சமமாக இருந்தது இரண்டு இலை. உங்கள் ஊரில் எத்தனை?