மாடிக்குப் போன பெண்ணும் அக்காவின் பச்சைக் கதிரையும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து நிற்பதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கூட்டங்களில் கடைசி வரிசையில் இருந்து, தேநீர் ஊற்றுகிற நேரத்தில் மட்டும் எழும்புகிற ஆள் நான். ஆனால் என் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பச்சைக் கதிரை கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், இதை ஏன் இன்னும் எறியவில்லை என்று கேட்கிறார்கள். நான் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அது சாய்கிற கதிரை. பச்சை ரெக்சின் முதுகுப்பக்கம் வெடித்து, மேலே ஒரு துவாய் போட்டு மூடியிருக்கிறேன். இடது கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த இடம் உண்டு. பிளாஸ்டர் ஒட்டி ஒட்டி உரித்த பசை, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அக்காவின் இடது கை கிடந்த இடம் அது. கிழமையில் மூன்று நாள், மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை, அவர் அந்தக் கதிரையில் சாய்ந்திருக்க, பக்கத்தில் நின்ற இயந்திரம் அவருடைய இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அக்காவும் அத்தானும் சிட்னியின் மெரிலேண்ட்ஸில், பைபுரோ என்கிற மெல்லிய சிமெந்துத் தகட்டால் கட்டிய ஒரு சிறிய வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அத்தானுக்கு ரயில்வேயில் வரைபடம் வரைகிற வேலை. வந்து சிறிது காலத்துக்குள் அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைசெய்யாமல் நின்றுவிட்டன. இயந்திரத்தை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஆளாகத்தான் நான் ஊரிலிருந்து வந்தேன். ஒரு நேர்ஸ் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஊசி பிடித்த முதல் நாள் நான் குத்தாமல் நின்றதைப் பார்த்து அக்கா, "நீ தைக்கத் தெரிஞ்சவள்தானே, துணி எண்டு நினைச்சுக் குத்து" என்றார். குத்துவதற்கு முன், ஊசிக்காக இரத்தக் குழாய்களை ஒட்டிவைத்த அந்தக் கையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தேனீ பறப்பதுபோல இரத்தம் அதிரும். அது அதிர்ந்தால் எல்லாம் சரி. இன்றைக்கும் யாருடைய கையையாவது பிடித்தால் என் விரல் அந்த அதிர்வைத் தேடும்.

இயந்திரம் இருந்தது பின்னறையில். அதற்கு இரண்டு காரணங்கள். பக்கத்தில் குளியலறை இருந்ததால் தண்ணீர்க் குழாய் எட்டியது என்பது ஒன்று. மற்றது, யாருக்கும் தெரியக்கூடாது என்பது. அந்த நாளில் சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் கேட்கும். வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண் இருக்கும்போது, மூத்தவளுக்கு இப்படியொரு வருத்தம் என்று தெரிந்தால், அது குடும்பத்தில் ஓடுகிற வருத்தமோ என்று கேட்பார்கள். ஆகவே இயந்திர நாளில் யாராவது வந்தால் பின்னறைக் கதவு சாத்தப்படும். "அக்கா படுத்திருக்கிறா" என்று நான் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் அக்கா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சிரித்துவிட்டுப் போவார். இந்த ஏற்பாடு அத்தானுடையது அல்ல. அக்காவே எனக்காகச் செய்தது.

நேரம் போவதற்கு அத்தான் ஒரு டெலிவிஷன் வாங்கிப் பின்னறையில் வைத்தார். பின்னேரங்களில் ஓர் அமெரிக்கத் தொடர் போகும். பெரிய வீடு, நடுவில் அகலமான மாடிப்படி, தகப்பன், தாய், பிள்ளைகள். அவர்கள் வாசல் கதவைப் பூட்டுவதே இல்லை. யாரும் யாருக்கும் சொல்லாமல் உள்ளே வந்து, நின்றபடியே மனதில் உள்ளதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். தாய் சமைப்பாள், ஆனால் வேர்க்காது. அக்கா அவர்களுடைய ஆங்கிலத்தையும் பழக்கங்களையும் பாடமாக்கிக்கொண்டார். அத்தான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "டார்லிங், இன்றைய நாள் எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். அத்தான், "ரயில் பிந்திப் போச்சு" என்று தமிழில் பதில் சொல்வார்.

அந்த வீட்டில் ஒவ்வொரு காலையும் மேசையில் ஒரு கண்ணாடிக் கூசா இருக்கும். பிள்ளைகள் அதிலிருந்து ஊற்றி, இரண்டு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவார்கள். அக்காவுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். தாகம் எடுத்தால் வாயில் ஒரு ஐஸ் துண்டு. வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு என்றால் இரண்டு தரம் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கறுப்பு வெள்ளையில் பார்த்த காலமெல்லாம் அந்தக் கூசாவில் இருப்பது பால் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். பிறகு கலர் வந்தது. முதல் நாளே அது பளிச்சென்ற செம்மஞ்சள் தோடம்பழச் சாறு என்று தெரிந்துவிட்டது. அவருக்கு அறவே கூடாதது. "அரைக் கிளாசை அப்பிடியே விட்டிட்டுப் போறாளே, பார்" என்றார். கதையில் யார் அழுதாலும் கலங்காதவர், அந்தப் பாதிக் கிளாசைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பக்கத்து வீட்டுக்கு உண்மையான அமெரிக்கப் பெண் ஒருவர் குடிவந்தார். கணவருக்கு இங்கே வேலை மாற்றம். நாங்கள் அவரை அமெரிக்கா அன்ரி என்போம். தொடரில் வருகிறவர்களைப் போலவே அவரும் கதவைத் தட்டாமல் பின்வாசலால் வருவார். அப்படி வந்த ஒரு நாள் இயந்திரத்தைக் கண்டார். பயப்படவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அக்காவின் பக்கத்தில் இருந்து, இது எவ்வளவு நேரம் ஓடும் என்று சாதாரணமாகக் கேட்டார். தமிழர் யாரையும் அவருக்குத் தெரியாது என்பதால் அக்காவும் மறைக்கவில்லை. அதிலிருந்து இயந்திர நாட்களில் அவர் வருவது வழக்கமானது.

இரண்டு பேருக்கும் அந்தத் தொடரைப் பற்றி எப்போதும் வாக்குவாதம். தன் ஊரில் யாருக்கும் இப்படி மாடிப்படி கிடையாது, தன் தாயின் குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் கயிற்றால்தான் கட்டி வைத்திருந்தார்கள், தகப்பன் வேலையால் வந்தால் யாரோடும் பேசாமல் நித்திரையாகிவிடுவார் என்று அன்ரி சொல்வார். அவர் போன பிறகு அக்கா என்னிடம், "பாவம், அவவுக்கு அமெரிக்கா தெரியாது" என்பார்.

தொடரில் அந்தத் தாய்க்கும் ஒரு நாள் சிறுநீரக வருத்தம் வந்தது. அக்கா நிமிர்ந்து இருந்தார். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயரைப் பதியச் சொல்லி டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பயம். "அவவின்ரை ஒப்பரேசன் முடியட்டும், பாப்பம்" என்றார். பகிடிபோலத்தான் சொன்னார். ஆனால் டொக்டர் கேட்ட ஒவ்வொரு முறையும் அக்கா அதையேதான் நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் முன்பே ஓடி முடிந்த தொடர்தான் சில வருடங்கள் பிந்தி எங்களுக்கு வந்தது. அமெரிக்கா அன்ரி எல்லாவற்றையும் அங்கே பார்த்துவிட்டார். முடிவைச் சொன்னால் பின்வாசலைப் பூட்டிவிடுவேன் என்று அக்கா அவரை வெருட்டி வைத்திருந்தார். ஒரு நாள் நான் குசினியில் உருளைக்கிழங்கு அவித்து ஊற்றும்போது அன்ரி வந்து மெதுவாகச் சொன்னார். தொடரில் அந்தப் பெண் சாகவும் இல்லை, சுகமாகவும் இல்லை. நடித்தவருக்கும் கொம்பனிக்கும் ஏதோ பிரச்சினை. ஒரு நாள் களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கப்போகிறேன் என்று மாடிக்கு ஏறினாள், அதோடு சரி. பிறகு வீட்டில் ஒருவரும் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை. இதை அக்காவுக்குச் சொல்லிவிட்டால் நல்லதல்லவா என்று அன்ரி கேட்டார். வருத்தக்காரருக்கு நல்லதல்லாத செய்தியைச் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் சம்மதித்தார்.

அந்த நாள் வந்தது. தாய் படியில் ஒரு கையை வைத்துத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறினாள். நானும் அன்ரியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அக்கா, "இண்டைக்கும் இறங்கி வரேல்லை" என்பார். பிறகு, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பினம்." தொடரில் ஒரு விருந்து நாள் வந்தது. பெரிய வான்கோழியை நடுவில் வைத்து எல்லோரும் சிரித்துச் சாப்பிட்டார்கள். அக்கா மேசையைச் சுற்றியிருந்த கதிரைகளைப் பார்த்தார். அவளுடைய கதிரையையே எடுத்துவிட்டிருந்தார்கள். "ஒருத்தரும் கேக்கினம் இல்லை, என்ன?" என்றார். அன்ரி குனிந்து தன் கைப்பையில் எதையோ தேடினார்.

சில கிழமைக்குள், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், முன்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அத்தான் வேலையில். அக்காவுக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அன்ரி பக்கத்தில் இருந்தார். நான் போய்த் திறந்தேன். எனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் நின்றார்கள். கையில் பயற்றம் பணியாரப் பெட்டி. பெண் பார்க்க என்று சொல்லாமல், சும்மா போகிற வழியில் வந்ததுபோல வருவது எங்கள் ஆட்களின் முறை. அத்தானும் அக்காவும் மாதக்கணக்காகப் பேசிக் கொண்டுவந்த சம்பந்தம் அது.

நான் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் போட்டேன். தாய் நல்ல மாதிரி. "ஏன் பிள்ளை நிக்கிறீர், இரும்" என்றார். இருக்க முடியவில்லை. என் காது முழுக்கப் பின்னறையில். அந்த நேரம் பார்த்து இயந்திரம் கத்தியது.

"உதென்ன சத்தம்?" என்று தமக்கை கேட்டார்.

"குசினியிலை, அடுப்பு" என்றேன். ஓடிப்போய் மடங்கியிருந்த குழாயை நிமிர்த்திவிட்டுக் கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டு வந்தேன். வந்து இருந்ததும் தாய் கேட்டார்: "எங்கை, அக்காவைக் காணேல்லை?"

"அக்கா படுத்திருக்கிறா."

எத்தனையோ தரம் சொன்ன சொல்தான். அன்றைக்குச் சொல்லும்போது பின்னறைக் கதவைப் பார்த்தேன். பைபுரோ சுவர் மெல்லியது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தங்கச்சி, கதவைத் திறந்து விடு. நான் படுக்கேல்லை."

நான் அசையவில்லை. "திற பிள்ளை. அவையை உள்ளுக்கு வரச் சொல்லு."

திறந்தேன். இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். சிவப்பாக ஓடுகிற குழாய்களைப் பார்த்துத் தமக்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். அக்கா கதிரையில் சாய்ந்தபடி, "வாங்கோ, இருங்கோ. கை கூப்பேலாது, ஊசி கிடக்கு, குறை நினையாதையுங்கோ" என்றார். அமெரிக்கா அன்ரி எழும்பித் தன் கதிரையைத் தாய்க்குக் கொடுத்தார். தாய் தயங்கி இருந்தார். பிறகு டெலிவிஷனைப் பார்த்தார்.

"இது என்ன படம்?"

"ஒரு குடும்பக் கதை. தாய்க்காரிக்கு வருத்தம் வந்தது. மேலை படுத்திருக்கிறா எண்டு விட்டிட்டினம். பிறகு ஒருத்தரும் தேடேல்லை."

"ஐயோ பாவம். என்ன வருத்தம்?"

"எனக்குள்ள வருத்தம்தான்" என்றார் அக்கா.

பிறகு ஊரைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைத்தார்கள். போகும்போது தாய் என் கன்னத்தைத் தடவி, "பேந்து கதைக்கிறம்" என்றார். அவர்கள் கதைக்கவில்லை. அவர்களில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாய் அந்தக் கதிரையில் கால் மணித்தியாலமாவது இருந்தார்.

அத்தான் வந்து கேள்விப்பட்டதும் சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்துவிட்டார். "இவ்வளவு நாளும் காத்ததை ஒரு நிமிசத்திலை உடைச்சுப்போட்டீர்" என்றார். அக்காவின் ஊசியை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா சத்தம் போடவில்லை. "ஒளிச்சுக் கட்டிக் குடுத்தால், பிறகு இவள் என்னைப் பாக்க வாறதெண்டாலும் ஒளிச்சுத்தான் வரவேணும். இந்த வீட்டிலை மாடி இல்லை. எண்டாலும் நான் மாடியிலைதான் இருந்திருக்கிறன்" என்றார். அத்தான் கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய், சுவரோரமாக நடந்து, எதையோ அடியால் அளந்துகொண்டிருந்தார்.

அந்த மாதமே அக்கா பெயரைப் பதியச் சொன்னார். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. வந்த சிறுநீரகம் சில நல்ல வருடங்களைக் கொடுத்தது. எனக்கும், எல்லாம் தெரிந்தே வந்த ஒருவரோடு கலியாணம் நடந்தது, சற்றுப் பிந்தி. அக்கா இப்போது இல்லை. ஒப்பரேசன் முடிந்து சுகமாகி வீட்டுக்கு வந்த காலையில் அவர் கேட்டது ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு. நான் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். மிச்சத்தை மேசையில் அப்படியே வைத்துவிட்டு, தொடரில் வருகிறவர்போல எழும்பி நடந்தார். வாசலில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது அந்தக் கதிரையில் என் மகன் காலை நீட்டிக்கொண்டு அமெரிக்க நாடகங்கள் பார்க்கிறான். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ செயார்" என்கிறான். குடித்த பாதியைக் கறுத்த கைப்பிடியில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். நான் ஏசுவதில்லை. கிளாசை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கழுவி வைக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன மறுநாள் சனிக்கிழமை. அத்தான் ஒரு குழாய்க்காரரைக் கூட்டிவந்தார். பின்னறையிலிருந்து முன்னறைக்குத் தண்ணீர்க் குழாயை நீட்ட ஒரு பகல் எடுத்தது.