ராகு காலத்தில் எடை போட்ட இருபத்தைந்து பாக்கெட்டுகள்

ரத்தினம்மா அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. 1979இல் மூன்று நாள் முழுக்க நான் அவரை வாயாரத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் புக்கிட் மேரா பக்கம் ஒரு தொழிற்கூடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் மசாலாத்தூள் கம்பெனி இருந்தது. இயந்திரம் பாக்கெட்டுக்கு இருநூறு கிராம் தூள் கொட்டும். அதன் வாயைச் சூட்டில் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. எடை சரிதானா என்று பார்ப்பது ரத்தினம்மாவின் வேலை. சிராங்கூன் சாலையிலிருந்து பஸ் பிடித்து வருவார். நெற்றியில் திருநீறு, கக்கத்தில் குறிப்பேடு. நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சேர்ந்து புள்ளியியல் படித்தவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

"எல்லா பாக்கெட்டையும் நிறுக்க முடியாதுலா," என்பார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணு போதாது, இருபத்தஞ்சு வேணும். அதுவும் பானையை நல்லா கிண்டி எடுக்கணும். அப்பதான் மொத்தத்தோட சராசரி இதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கும்னு சொல்லலாம். நூறு தடவை இப்படிச் சொன்னா, தொண்ணூத்தஞ்சு தடவை சரியா இருக்கும். அஞ்சு தடவை காலை வாரிடும்."

நான் தலையாட்டுவேன். அந்தக் கணக்கு ஒருநாள் என் தலையிலேயே விழும் என்று கண்டேனா?

ஒரு செவ்வாய்க்கிழமை, மலேசியாவில் எங்கள் தூளை வாங்கி விற்கும் ஜொகூர் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. பாக்கெட்டுக்கு மூன்று நான்கு கிராம் குறைகிறதாம். மேற்பார்வையாளர் துரைசாமி ரத்தினம்மாவின் குறிப்பேட்டைப் பார்த்தார். சராசரி 200.3. எப்படியும் 199.5க்கும் 201.1க்கும் நடுவில். அப்படியானால் இயந்திரம் சுத்தம். இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்தவை என் இரண்டு கைகள் மட்டும்தான்.

"சனிக்கிழமைக்குள்ள ஒத்துக்க பிரிஜட். இல்லைன்னா நீயா நின்னுடு," என்றார் துரைசாமி.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருடி என்ற பெயரோடு போனால்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் யார் முகத்தில் விழிப்பது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை கேன்டீனில் ரத்தினம்மா என் எதிரே வந்து உட்கார்ந்ததும் வெடித்துவிட்டேன்.

"உங்க நோட்டு என்னைத் திருடின்னு சொல்லுது அக்கா! ஜொகூர் லாரி வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கிளம்புது. அதுக்காகப் பத்தரைக்கே மெஷினை விரட்டு விரட்டுன்னு விரட்டுறாரு இந்தத் துரைசாமி. என்னைக்காவது அந்த நேரத்துல வந்து நிறுத்துப் பாத்திருக்கீங்களா?"

அவர் குறிப்பேட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம், பிரிஜட். அந்த நேரத்துல நான் தராசைத் தொட்டதே இல்ல. மூணு வருஷமா."

எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. அழுவதா சிரிப்பதா என்றும் தெரியவில்லை.

"பானையில ஒரு பக்கம் நான் கரண்டியே விடல," என்று எழுந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் குறிப்பேட்டில் எந்த நேரம் விடுபட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்க அங்கே வேறு யாருக்கும் தோன்றியிராது. ஆனால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நேரே மானேஜரிடம் போய்த் தன் தவறைச் சொன்னார்.

மறுநாள் பத்தே முக்காலுக்குத் தராசோடு வந்து நின்றார். நெற்றியில் திருநீறு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. பின்னால் மானேஜரும் துரைசாமியும்.

"சராசரி இருநூறுன்னே வச்சுக்குவோம்," என்றார். "சும்மா சந்தேகப்படக் கூடாது. அது பொய்யின்னு இந்த இருபத்தஞ்சும் அடிச்சுச் சொன்னாத்தான் மாத்திக்கணும்." பிறகு என் காதோரம் குனிந்தார். "உங்க மாதாகிட்ட எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

என் கை படுவதற்கு முன்பே, இயந்திரத்தின் வாயிலிருந்து இருபதுக்கு ஒன்றாக எடுத்து எடை போட்டார். எனக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம், அவருக்காக ஒன்று என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சராசரி 196.4. கணக்குப் போட்டுக் கீழே கோடு இழுத்தார். 195.6க்கும் 197.2க்கும் நடுவில்.

"இருநூறு கிட்டத்துலகூட இல்ல சார். இது தற்செயலா வந்த குறை இல்ல, மெஷின்தான் குறைக்குது. இந்தப் பொண்ணு ஒரு சிட்டிகைகூட எடுக்கல."

மானேஜர் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். எடை பழையபடி ஏறியது. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துரைசாமி மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன், ஆனால் இன்னும் மன்னிக்கவில்லை.

ரத்தினம்மா அறிக்கையில் "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மைலோ டப்பாவில் நேரங்களைச் சீட்டாக எழுதிப் போட்டு, குலுக்கி, எது வருகிறதோ அந்த நேரத்தில் நிறுத்தார். ராகு காலச் சீட்டு வந்த நாளில் முணுமுணுத்துக்கொண்டே வருவார். தராசு விஷயத்தோடு ராகு பயமே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டு விசேஷம் எதுவானாலும் நாள்காட்டி பார்க்காமல் செருப்புகூட மாட்ட மாட்டார்.

அந்த வேலை நிலைத்ததால்தான் 1981இல் பிடோக்கில் எனக்கென்று ஒரு வீடு கிடைத்தது. அதை ஜெபம் சொல்லி மந்திரிக்க எங்கள் பங்குச் சாமியாருக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணிதான் ஒழிந்தது. "நீங்க பன்னெண்டுக்கு மேல சாப்பிட வந்தா போதும் அக்கா," என்று ரத்தினம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பத்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப ராகு காலம்!"

"தெரியும்லா. தள்ளு," என்று சொல்லி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.