சிவப்புக் கோடும் பெண்வீட்டுப் படமும்

இத்தாலியின் தெற்கே, பலெர்மோ நகருக்குள் பனி விழுவதில்லை. இதை ஊருக்கு எழுதாமல் விட்டது என் முதல் பிழை. முழங்கால் பனியை மிதித்துத்தான் தினமும் வேலைக்குப் போறன் என்று எழுதியது இரண்டாவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி; எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதம் கைமாறிப் பெண்வீட்டுக்குப் போய்ச் சேர, அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது: "தம்பி பனிக்குள்ளை நிக்கிற படம் ஒண்டு அனுப்பேலுமோ?"

படம் போகாவிட்டால் நான் பொய்யன் என்பது உறுதி. பொய்யனுக்கு ஆர் பெண் கொடுப்பினம்?

பல்லரோச் சந்தைப் பக்கம் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணரிடம் சொன்னேன்.

"சந்தையிலை மீன் போட்டிருக்கிற ஐசுக்குப் பக்கத்திலை நில். நான் எடுக்கிறன்."

"படத்திலை மீனும் விழுமே அண்ணை."

"விழட்டும். மாப்பிள்ளை தனிச்சுப்போய் இல்லை எண்டு நினைப்பினம்."

நான் வீட்டுவேலை செய்த வீட்டு ஐயா, நான் கூப்பிடுகிற மாதிரி சிஞ்ஞோரே, ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர். குளிர்காலத்தில் மடோனியே மலைகளுக்குப் போய் பனியில் ஏறித் திரிவார். ஒருநாள் தன்னோடு வர ஆள் தேடினார். "நான் வாறன்" என்ற வேகத்தில் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். அண்ணரின் டையைக் கட்டி, சப்பாத்துக்குள் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டு போனேன்.

வாகனம் நிறுத்திய இடத்தில் பனி சேறாகிக் கிடந்தது. சற்று மேலே நடந்தால் ஒரு சரிவு, நான் அழுத்தி மடிக்கும் படுக்கைவிரிப்பைப் போலச் சுருக்கமே இல்லாமல். அங்கேதான் படம் என்று முடிவுகட்டினேன். சிஞ்ஞோரே என்னை மறித்துவிட்டு, ஓரமாக மட்டமான இடத்தில் மண்வெட்டியால் கிடங்கு வெட்டத் தொடங்கினார். நடக்க வந்த மனிசன் ஏன் கிணறு வெட்டுறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெஞ்சளவு ஆழம் போனதும் கிடங்கின் சுவரில் கோடுகள் தெரிந்தன. ஒன்று மங்கல் சிவப்பு: தெற்குக் காற்று பாலைவனத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய தூசி. அதற்கு மேலே, பிறகு விழுந்து காற்றில் இறுகிய பனி, பலகை மாதிரி. கீழே ஒரு சாண் பனி, கையில் அள்ளினால் சீனியாகக் கொட்டியது. பிடித்தால் உருண்டையாகவில்லை.

எனக்குச் சட்டென்று விளங்கியது. இது பிட்டு. குழலிலிருந்து தள்ளும்போது மா உடையாது, தேங்காய்ப்பூ இருக்கிற இடத்தில்தான் கழன்று விழும். தெரிந்த இத்தாலியனில் இதைச் சொன்னேன். தேங்காய்க்குச் சொல் தெரியாமல் நான் தடுமாறினாலும் சிஞ்ஞோரேக்குப் பிடித்துக்கொண்டது.

அவர் சுவரில் ஒரு தூணை வெட்டிப் பிரித்து, மண்வெட்டியை மேலே வைத்து, கையால் தட்டினார். மூன்றாவது தட்டில் சிவப்புக் கோட்டோடு மேல்பாதி அப்படியே வழுக்கி வந்து என் சப்பாத்தில் இருந்தது.

"அந்தச் சரிவும் இதேதான்," என்றார். "என்ரை கைக்குப் பதிலா உன்ரை கால்."

"பத்தடி மட்டும், சிஞ்ஞோரே. பெண்வீட்டுக்கு அனுப்ப ஒரே ஒரு படம்."

"நான் எடுப்பன். பெண்வீட்டுக்கு ஆர் அனுப்பிறது?"

அவர் இத்தாலியனில் சொன்னது எனக்கு நல்ல தமிழாகவே கேட்டது. கிடங்குக்குள் நின்றே எடுத்தோம்: டையோடு, சிவப்புக் கோட்டை விரலால் காட்டியபடி.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பெண்ணின் தகப்பன் எழுதியிருந்தார்: "தம்பி ஏன் குழிக்குள்ளை நிக்கிறார்? ஏதும் நேத்திக்கடனோ?" அதற்குக் கீழே வேறொரு சின்னக் கையெழுத்து: "அந்தச் சிவப்புக் கோடு என்ன?"

நாலு பக்கம் எழுதினேன். பிட்டுக்குழல் படம் கீறினேன். கடைசிப் பக்கத்தில், நகருக்குள் பனியே இல்லை, முழங்கால் கதை பொய் என்பதையும் எழுதி, மனம் மாறமுதல் ஒட்டிப் போட்டேன்.

இந்த முறை கடிதம் முழுக்க அந்தச் சின்னக் கையெழுத்து. "பனி இல்லாதது நல்லது, எனக்குக் குளிர் ஒத்துவராது. அந்தச் சீனிப் பனி நாள்போக இறுகாதோ, அப்பிடியே கிடக்குமோ?"

எனக்குத் தெரியாது. அடுத்த நாள் சிஞ்ஞோரேயிடம் கேட்டேன். கேட்கிறது ஆர் என்றார் அவர்.

"என்ரை மனுசி," என்றேன்.

அதுவும் அன்றைக்குப் பொய்தான்.