சகாயமேரியின் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு

ஏலச்செடித் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்கும்போதும் சகாயமேரியின் வாய், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று தாளம் எண்ணிக்கொண்டே இருக்கும். கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். ஆனைக்கரையில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியான நானும் சிரித்தவள்தான்.

அவள் மகள் நிமிக்குப் பத்து வயது. ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். வருடக் கடைசியிலும் பாடம் வாசிக்காவிட்டால் இதே வகுப்புதான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே சகாயமேரி மகளை மாதா கோயிலுக்கு இழுத்துப் போய், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் டிஜோ முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு கையையும் தனித்தனியா பழக்கிவிடுங்க மாஸ்டர். கை நிதானத்துக்கு வந்தா மண்டையும் வந்துரும்."

என்ன கணக்கோ! டியூஷனுக்கு அனுப்பு என்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிடித்தால் விடமாட்டாள், எனக்கு எரிச்சலும் அதுதான், பிரியமும் அதுதான். மழை கொட்டினாலும் சனிக்கிழமை பிள்ளை கோயிலில் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு தப்புப் பண்ணினாள். காயை எடை போடுவதுபோல் பாட்டையும் எடை போட்டாள். இன்றைக்கு எத்தனை பாட்டு என்று வாராவாரம் கேட்பாள். நிமி பயந்துபோய் வேகமாக வாசித்துத் தள்ள, விரல்மேல் விரல் ஏறியது. இரண்டு மாதம் பொறுத்த டிஜோ, ஒரே வரியை ஒரு வாரம் வாசிக்கட்டும், விரட்டாதீர்கள் என்றார். முன்பு தோட்டத்தில் எடை கூடட்டும் என்று இளங்காயையும் சேர்த்துப் பறித்துக் கங்காணியிடம் திட்டு வாங்கியவள் அவள். டிஜோ சொன்ன அன்றைக்கு என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"விளையாத காயப் பறிச்சிட்டேன்க்கா."

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த எண்ணிக்கை. வீட்டில் கீபோர்டு கிடையாது. கவிழ்த்த பக்கெட்மேல் நிமியின் விரல்கள் நடக்கும். தாய் மெதுவாக எண்ணுவாள். தடுக்கிய இடத்தில் ஓடிப்போகாமல் நின்று, திரும்ப வாசிக்கிற பழக்கம் பாடப்புத்தகத்துக்கும் வந்தது. கீபோர்டுதான் காரணமா, எனக்குத் தெரியாது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

வருடக் கடைசியில் டீச்சர் வாசிக்கச் சொன்ன நாளில் நானும் கூடப் போனேன். நான்கு வரி ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வரியில் ஒரு நீளச் சொல், நிமி நின்றுவிட்டாள். டீச்சர் பேனாவை எடுத்தார். சகாயமேரிக்கு எண்ணத் துடித்து உதடு பிரிந்தது. சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

நிமியின் விரல்கள் மேசைமேல் நான்கு முறை தட்டின. சொல் வந்தது. அடுத்த வரியும் வந்தது. பக்கம் முடியும்வரை சகாயமேரி முந்தானையை எடுக்கவே இல்லை.