வெள்ளை அணில் தாவிய தூரம்

விலங்கு மீட்பு நிலையத்தில் அவளை எல்லாரும் ‘சொட்டுப்பால் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண் திறக்காத குட்டி எது வந்தாலும் சிரிஞ்சில் பாலை ஏற்றி, புரை ஏறாமல் சொட்டுச் சொட்டாக ஊட்டி, உயிரைப் பிடித்து நிறுத்திவிடுவாள். பதினோரு வருட வேலை. கூண்டு கழுவுவதிலும் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. உள்ளே ஏறி விளையாட மாட்டிய கிளைகளைக் கழற்றித் தேய்த்து, எடுத்த இடத்திலேயே இம்மி பிசகாமல் திரும்ப மாட்டுவாள்.

அந்த வருடம் வந்த அணில்குட்டி உடம்பு முழுக்க வெள்ளை, கண்கள் இளஞ்சிவப்பு. வெளியே விட்டால் பருந்துக்குப் பந்தி வைத்த மாதிரிதான், கூண்டிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். ஆயுசு முழுக்கக் கம்பிக்குள்ளேயா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. தேயிலையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூன்று நாள் பஞ்சால் ஒற்றி ஒற்றி அணிலைப் பழுப்பாக்கினாள். அணிலுக்கு டீ, எங்களுக்கு வெறும் தண்ணியா என்று கேலி செய்தார் டிரைவர். வீட்டில் நாத்தனார் அவரையும் மிஞ்சினாள்.

“ஏன் அண்ணி, அதைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?”

அக்காவின் நச்சரிப்பு தாங்காமல், அதை வெளியே விட டாக்டர் கடைசியில் தலையாட்டினார்.

நிலையத்தின் பின்புற மரத்தில் காலையில் விட்டார்கள். மேலே வட்டமிட்ட பருந்து எதையும் கவனிக்காமல் போய்விட்டது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அணில் கிளை நுனிவரை ஏறி, தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. கூண்டிலும் அப்படி ஆட்டும். செல்லம் கொஞ்சுகிறது என்றே நினைத்திருந்தாள். அடுத்த மரத்துக்குத் தாவியது. ஒரு சாண் எட்டவில்லை. கீழே சிமெண்ட் தரை.

டாக்டர் மேஜைமேல் அதைப் புரட்டிப் பார்த்தார். பருந்தின் நகம் பட்ட காயம் எங்கும் இல்லை. இப்படிப் பிறப்பவற்றுக்கு நிறத்தோடு பார்வையும் குறையும், தூரம் பிடிபடாமல்தான் தலையை அப்படி ஆட்டும் என்றார். கூண்டில் அது தாவிய லாவகத்தைப் பார்த்துத் தானும் ஏமாந்துவிட்டதாகச் சொன்னார்.

“உள்ள ஒரு தடவையாவது தவறி விழுந்துச்சாம்மா?”

“இல்லவே இல்ல டாக்டர்.”

“கிளைய எப்பவாவது இடம் மாத்தி மாட்டுனீங்களா?”

“நான் எதுக்கு மாத்தப் போறேன்? தினமும் அதே...”

அத்தனை நாளும் அது பார்த்துத் தாவவில்லை, மனப்பாடமாகத் தாவியிருக்கிறது.

டாக்டர் பதிவேட்டில் இறப்புக்குக் காரணம் ‘பார்வைக் குறைவு’ என்று எழுதினார்.

“என்னையும் சேத்து எழுதுங்க” என்றாள்.

அவர் பேனாவை மூடினார். பக்கத்து அறையில் முந்தாநாள் வந்த குட்டிகள் பசியில் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.