ஈரம் துடைக்கிறவள்

பன்றிப் பண்ணையில் எல்லோரும் அவளைத் துணிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். தோளில் எந்நேரமும் நாலைந்து கிழிந்த சட்டைகள் தொங்கும். தையல்காரனைக் கட்டிக்கொண்டவளுக்குத் துணிக்கா பஞ்சம் என்று தீவனக் கொட்டகை ஆட்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். குட்டி ஈனும் கூடத்தில் நாற்பது தாய்ப்பன்றிகளை ஒண்டியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் அந்த வாயெல்லாம் ஒரே வாரத்தில் ஓட்டம் பிடித்திருக்கும். அவள் ஒன்பது வருஷமாகப் பார்த்தாள்.

குட்டி விழுந்த நிமிஷமே ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும், அதுதான் அவள் சட்டம். தாய் வயிற்றுச் சூட்டிலிருந்து சிமெண்டுத் தரைக்கு வருகிற குட்டிக்குக் குளிர்தான் முதல் எமன். மூக்கை மூடியிருக்கும் சவ்வை விரலால் வழித்தெறிந்து, தோளில் கிடந்த சட்டையால் முதுகைப் பரபரவென்று தேய்த்து, சூட்டு விளக்கு எரிகிற பெட்டிக்குள் விடுவாள். நோஞ்சானாக இருந்தால் அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். வாய் சூடாக இருந்தால் நேரே பால். சில்லென்றிருந்தால் கழுத்துவரை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து, துவட்டி, அதற்கப்புறம்தான் பால். கொழுத்த குட்டிகள் முட்டி மோதிக் குடித்து வயிறு புடைத்ததும் அவற்றை ஒரு மணி நேரம் பெட்டியில் அடைத்துவிட்டு, நோஞ்சான்களை மட்டும் மடியில் விடுவாள். "தின்னது போதும்டா தடியன்களா, கொஞ்சம் அதுங்களும் பிழைக்கட்டும்" என்று பெட்டிக்குள் கத்துகிறவர்களைத் திட்டுவாள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டியெல்லாம் அவள் கையில் பிழைத்து ஓடியிருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது.

அவளுக்கு இதில் ஏன் இத்தனை வெறி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. செத்துப் பிறந்தது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவளோ அழுகைச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். மெல்லிசாக, இரண்டே தடவை. ஊசி மயக்கம் என்றாள் நர்ஸ். பக்கத்துக் கட்டில் பிள்ளையாக இருக்கும் என்றாள் நாத்தனார். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றான் புருஷன். அதற்கப்புறம் வயிறு திறக்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் ஞாபகமாக அவளிடம் இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதையும் இல்லை என்றால் மனுஷி எதை வைத்துக்கொண்டு அழுவாள்? ஆமாம், உன் பிள்ளை அழுதது என்று யாராவது ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பதினாலு வருஷமாக ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

போன வருஷம் பண்ணைக்குப் புது மேற்பார்வையாளன் வந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், இஸ்திரி கலையாத சட்டை. குட்டிகள் நிறையச் சாகின்றன என்று முதலாளி அவனைப் பிடித்துக் கடித்துக் குதறியிருக்கிறார். இன்னும் ஒரு ஆள் போடுங்கள் என்று கேட்க அவனுக்குத் துப்பில்லை. நேரே துணிக்காரியிடம் வந்தான்.

"அக்கா, பிறந்த அன்னைக்கே போறதை எல்லாம் பதிவேட்டுல செத்துப் பிறந்ததுன்னு எழுதிடுங்க. பிறந்து செத்தா நம்ம தப்பு. செத்துப் பிறந்தா யார் தப்பும் இல்ல."

முதல் நாள் எழுதியதை அடித்தாள், மறுபடி எழுதினாள். எழுதாவிட்டால் அவளைத் தூக்கிவிட்டு வேறு யாரையாவது கூடத்தில் போடுவான். வருகிறவள் துடைப்பாளா, வாயில் விரல் விட்டுப் பார்ப்பாளா? இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினாள். ஒரு மாதத்தில் அடித்து எழுதுவது நின்றுவிட்டது. வெட்கக்கேடுதான், என்ன செய்வது, பழகிவிட்டது.

ஆனால் பொய்யை அளவோடு சொல்லத் தெரியவில்லை அந்தப் புத்திசாலிக்கு. செத்துப் பிறந்த கணக்கு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போக, பண்ணைக்குள் ஏதோ நோய் புகுந்துவிட்டது என்று முதலாளிக்குக் கிலி பிடித்தது. மாட்டு டாக்டரை வரவழைத்துவிட்டார்.

டாக்டர் ஒரு பெண். வந்ததும் வராததுமாக ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காலையில் ஒதுக்கி வைத்த வாளியைக் கொண்டுவரச் சொன்னாள். வாளியில் மூன்று குட்டிகள். மூன்றையும் துணிக்காரிதான் விடிகாலையில் துடைத்திருந்தாள், பால் புகட்டியிருந்தாள், கடைசியில் செத்துப் பிறந்தவை என்று எழுதியும் வைத்திருந்தாள். டாக்டர் ஒரு குட்டியின் காலைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றுக்குள் இருக்கிறவரை குளம்பு நுனியில் மெத்தென்று ஒரு உறை இருக்கும், நடந்தால் தேய்ந்துவிடும். இதற்குத் தேய்ந்திருந்தது. அது துணிக்காரிக்கும் தெரிந்த சங்கதிதான். அடுத்துச் செய்ததுதான் தெரியாதது. குட்டியின் நெஞ்சைக் கீறி, நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரில் போட்டாள். மிதந்தது. அடுத்த குட்டியின் துண்டும் மிதந்தது. மூன்றாவதும் அப்படியே.

"மூச்சே விடாம செத்துப் பிறந்திருந்தா இது மூழ்கியிருக்கணும். இதுங்க மூணும் உயிரோட பிறந்திருக்கு" என்றாள் டாக்டர். பதிவேட்டில் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டாள்.

மேற்பார்வையாளன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அக்காதான் எழுதுகிறாள், அவளுக்கு அவ்வளவு விவரம் போதாது என்றான். பதிவேட்டில் இருந்தது அவள் கையெழுத்து; மறுக்க வழியில்லை. வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அன்றைக்கு அவன் சொன்னது காதிலேயே ஏறவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மனுசங்களுக்கும் இப்படித்தானா டாக்டர்?"

"எல்லா நுரையீரலும் ஒண்ணுதாம்மா" என்றாள் டாக்டர், கத்தியைக் கழுவிக்கொண்டே. "செத்துப் பிறந்த பிள்ளையால அழக்கூட முடியாதே. அழணும்னா மூச்சு வேணும்ல."

மத்தியானத்துக்குள் அவளைத் தீவனக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். மேற்பார்வையாளன் இருந்த இடத்திலேயே இருந்தான். அவனுக்கு என்ன வந்தது? அவள் பெட்டியில் விட்டுவந்த நோஞ்சான் ஒன்று மணிக்கொரு தரம் பால் கேட்கும். புதிதாகப் போட்ட ஆளிடம் சொன்னாள். அவன் ஆகட்டும் என்று தலையாட்டிய விதத்திலேயே குட்டி பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தான் எழுதியவற்றை எண்ணிப் பார்க்க முயன்றாள். எண்ணி முடியவில்லை. தனக்கு எவளோ செய்ததைத்தான் தானும் வரிசையாகச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது வாய் கசந்தது.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது புருஷன் முன்னறையில் உட்கார்ந்து ஒரு பழைய சட்டையின் பொத்தான்களை அறுத்துக்கொண்டிருந்தான். குட்டிகளின் உடம்பில் கீறாமல் இருக்க ஒவ்வொரு சட்டைக்கும் அப்படி அறுத்துத்தான் கொடுப்பான். ஒன்பது வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அந்த மட்டில் நல்லவன்தான். அவள் எதிரில் உட்கார்ந்து டம்ளர் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் தலை நிமிரவே இல்லை.

"ஏங்க, அன்னைக்கு நம்ம பிள்ளை அழுதுச்சா?"

இப்போது எதுக்கு அந்தப் பேச்சு என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் அறுத்த பொத்தான்களை டப்பாவில் போட்டு மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"அழுதுச்சு" என்றான்.

பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. பதினோரு பிரசவக்காரிகளுக்கு அன்றைக்கு ஒரே நர்ஸ். குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியிருக்கிறாள். அரை மணி நேரம் வராந்தாவில் வைத்துக்கொண்டு நின்றானாம். அப்புறம் மூச்சு அடங்கிவிட்டதாம். உயிரோடு பிறந்து செத்தது என்று எழுதினால் விசாரணை வரும், பிள்ளையை அறுப்பார்கள், நாளைக்குத்தான் கிடைக்கும் என்று குமாஸ்தா சொன்னானாம். இவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவள் தாங்கமாட்டாள் என்று சொல்லாமலே வைத்துக்கொண்டான்.

கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டாகிவிட்டது. சந்தோஷமா என்றால் இல்லை. நர்ஸைத் திட்டலாம் என்றால் நாற்பது பன்றிகளுக்கு ஒண்டியாக ஓடியவளுக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"பிள்ளையத் துடைச்சாங்களா?"

"இல்ல. ஈரமாத்தான் குடுத்தாங்க. கை காலெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்."

அவள் அவன் மடியிலிருந்த பொத்தானில்லாத சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"அன்னைக்கு நீங்க சட்டை போட்டிருந்தீங்களா?"

அவன் தன் சட்டை முனையைக் கையில் பிடித்துப் பார்த்தான்.

"போட்டிருந்தேன்" என்றான்.